முதல் திங்கட்கிழமை

வீட்டு இயந்திரங்களுக்கு விதி வகுக்கும் தரநிலைக் குழு, மாதத்தின் முதல் திங்கட்கிழமை கூடும். பொதுமக்கள் வீட்டிலிருந்தபடியே திரையில் பார்க்கலாம். தொடக்கத்தில் பெயரையும் இடத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இத்தனை பெரிய சென்னையில் அதைப் பார்க்கிறவள் பிலோமினா ஒருத்திதான். பேசுவதில் பாதி அவளுக்குப் புரியாது. ஆனாலும் ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை.

வெந்நீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "பிலோமினா, பெரம்பூர்."

அன்றைக்கு வந்த விதி இது: முப்பது நாள் மனிதக் குரலே கேட்கவில்லை என்றால், ஆளில்லாத வீடென்று முடிவுகட்டி, இயந்திரம் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திவிடும்.

"மூணு நாள் போதாதா? முப்பது நாள் யாருங்க வாயத் திறக்காம இருப்பாங்க?" என்றார் ஓர் உறுப்பினர். எல்லோரும் சிரித்தார்கள்.

தலைவர் ஒப்புக்குக் கேட்டார்: "பொதுமக்கள் தரப்புல ஏதாவது சொல்லணுமா?"

இதுவரை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதவள், இன்று கையைத் தூக்கினாள்.

"முப்பத்தஞ்சு நாள்னு போடுங்க சார்."

"எதுக்கும்மா முப்பத்தஞ்சு?"

"சில மாசம், இந்த மீட்டிங் முடிஞ்சு அடுத்த மீட்டிங் வர முப்பத்தஞ்சு நாள் ஆயிடுது சார்."