தோள்மேல் முடிச்சு

‘வெளிநாட்டவர்மேல் வெறுப்பு வேண்டாம்’ என்று எழுதிய அட்டைகள் ஜோகன்னஸ்பர்க்கின் காலை வெயிலில் ஆடி ஆடிப் போகின்றன. கோஷம் இல்லை, தார்ச்சாலையில் செருப்புகள் உரசும் சத்தம் மட்டுந்தான். கூட்டத்தின் நடுவே எஸ்னாத், முதுகில் குழந்தையோடு நடக்கிறாள். மலாவிக்காரி என்று தெரிந்தால் வம்பு என்று இத்தனை நாளும் இந்த ஊர்ப் பெண்களைப் போலக் குழந்தையைக் குளியல் துண்டில்தான் கட்டினாள். பெட்டிக்கடியில் கிடந்த மலாவித் துணி இன்றுதான் வெளியே வந்திருக்கிறது. அதில் இன்னும் ஏரிக்கரைக் கருவாட்டு வாசனை. பரண்மேல் மீனைப் பரப்பிக்கொண்டே அக்கா பாடுவது காதுக்குள் கேட்கிறது. குழந்தை அந்த வாசனையில் முகம் புதைத்துத் தூங்குகிறது.

கூடவே நடக்கிற பக்கத்து வீட்டு டிகெலெடி, இந்த ஊரிலேயே பிறந்தவள், துணியைத் தொட்டுப் பார்க்கிறாள். “அழகா இருக்குடி. ஏன் ஒளிச்சு வச்சிருந்த?” “எந்த ஊர்க்காரின்னு தெரிஞ்சிடுமேன்னுதான்க்கா.” “கிழிஞ்சுது போ. நாங்க துண்டை மாரைச் சுத்தி ஊக்குக் குத்துவோம். துண்டைக்கூடத் தோள்மேல முடிச்சுப் போடுறவ நம்ம தெருவுல நீ ஒருத்திதான். நீ வந்த அன்னிக்கே தெரியும்.” எஸ்னாத்தின் கால்கள் நின்றுவிடுகின்றன. போன வருஷம் வெளிநாட்டவரைத் தேடித் தடியோடு வந்தவர்களிடம், “இங்க வெளிநாட்டுக்காரங்க யாருமில்ல” என்று டிகெலெடி எஸ்னாத்தின் வாசலை மறித்துச் சொன்னாள். பாவம், தெரியாமல் சொல்கிறாள் என்றே அன்று சுவருக்குப் பின்னால் நின்று எஸ்னாத் நினைத்திருந்தாள். டிகெலெடி நழுவுகிற முடிச்சைத் தோள்மேலேயே இறுக்கிவிடுகிறாள். “நடடி. பின்னாடி ஆளுங்க வராங்க.”