கோடு விழாத குப்பி

காஃபுவே விமானச் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி சிலேஷேயை முதல்முறையாக மேலே கூட்டிப்போக இருந்த முசோண்டா, தன் குட்டி விமானத்தின் பெட்ரோலைச் சோதிக்க, தொட்டிக்கு அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குப்பியில் பிடித்தான்.

"நேத்து பேய்மழையாச்சே, தொட்டிக்குள்ள தண்ணி இறங்கியிருந்தா?" என்றாள் அவள்.

"தண்ணி கனம். அடியில தங்கும், பெட்ரோல் மேல நிக்கும். நடுவுல கோடு தெரியும். தெரியுதா?"

"இல்லையே."

சங்க வழக்கப்படி இரண்டாவது ஆளாகத் தலைவர் தெம்போவும் பார்த்தார். "கோடே இல்லப்பா. கிளம்புங்க!"

சிலேஷே குப்பியை வாங்கி முகர்ந்தாள்.

"அது என்ன பீரா, மோந்து பாக்க?" என்று சிரித்தான் முசோண்டா.

"வாராவாரம் உங்க சட்டையைத் துவைக்கிறவ நான். அந்த பெட்ரோல் நாத்தம் இதுல இல்லீங்க."

முசோண்டா குப்பியைப் பிடுங்கி முகர்ந்தான். சிரிப்பு நின்றது. குப்பி முழுக்கத் தண்ணீர். வெறும் தண்ணீரில் கோடு எப்படி விழும்? அப்படியே கிளம்பியிருந்தால், மரங்களுக்கு மேலே ஏறியதும் இயந்திரம் நின்றிருக்கும்.

எங்கள் பக்கத்தில் மனைவிதான் கணவன்முன் மண்டியிட்டு, கை குவித்துத் தட்டி நன்றி சொல்வாள். அன்று சங்கமே பார்க்க, முசோண்டா சிலேஷேயின் முன் மண்டியிட்டு மெல்லக் கை தட்டினான். பக்கத்தில் தலைவரும் மண்டியிட்டார்.

"போதும், எழுந்திரிங்க," என்றாள் சிலேஷே. "தொட்டியைக் காலி பண்ணி நல்ல பெட்ரோலா ஊத்துங்க. நான் இன்னிக்கே பறக்கணும்."