டேப் வேண்டாம்

"ரெய்டு" என்று கதிரவன் வாயைத் திறந்ததும் அந்த ஆபீஸில் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். நாலு ஹார்ட் டிஸ்க்கைச் சேர்த்து வைக்கும் முறைக்குப் பெயரே அதுதான் என்று விளக்கியபிறகே உட்கார்ந்தார்கள்.

மானேஜர் கஸ்தூரிரங்கன் மட்டும் அசையவில்லை. தில்லியில் சாக்கடை சுத்தம் செய்யும் கான்ட்ராக்ட் கம்பெனி அது. கதிரவன் சர்வர் விற்க வந்தவன்.

ரெய்டு ஃபைவ் போட்டால் ஒரு டிஸ்க் அளவு இடம்தான் போகும், மிச்சப் பணத்தில் தினமும் நகல் எடுக்க டேப் வாங்கலாம் என்றான். டேப்பே வேண்டாம், மிரர்தான் வேண்டும் என்றார் மானேஜர். ஒரு டிஸ்க்கில் எழுதுவது ஜோடி டிஸ்க்கிலும் அப்படியே விழவேண்டுமாம்.

பாதி இடம் வீண். சரியான பிடிவாதக்காரர் என்று கதிரவனுக்கு எரிச்சலாக வந்தது.

"சாக்கடையில இறங்கறவாளோட ஹாஜரி இதுல இருக்கப்போறது. ஒரு டிஸ்க் போனாலும் அவா பேர் போகப்படாது" என்றார் அவர்.

எரிச்சல் போய் மரியாதை வந்துவிட்டது. இந்த ஊரில் இப்படியும் ஒரு மனிதர்.

நாலு மாதம் கழித்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பிலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த ரத்தினவேல் சாக்கடைக்குள் விஷவாயுவில் செத்துப்போயிருந்தான். அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை, நஷ்டஈடு கிடையாது என்றது கம்பெனி. சர்வரில் அந்த நாள் ஹாஜரி, அதாவது வருகைப் பதிவைக் காணோம்.

கதிரவன் பார்த்தான். நாலு டிஸ்க்கும் நன்றாகவே இருந்தன. ரத்தினவேல் செத்த மறுநாள் காலை, மானேஜரின் பாஸ்வேர்டில் அந்தப் பதிவு அழிக்கப்பட்டிருந்தது. மிரரில் ஒன்றில் அழித்தால் அந்த நொடியே ஜோடியிலும் அழியும். டேப் ஒன்று இருந்திருந்தால் முந்தின இரவின் நகல் தப்பியிருக்கும்.

கதிரவன் நேராக மானேஜரின் அறைக்குப் போனான்.

"டிஸ்க் பழுதுன்னு ரிப்போர்ட் எழுதிக் குடுத்துடுங்கோ" என்றார் கஸ்தூரிரங்கன் மெதுவாக. "மத்த ஆறு ஆபீஸுக்கும் சர்வர் வேணும். ஆர்டர் உங்களுக்குத்தான்."

வராந்தாவில் உட்கார்ந்திருந்த ரத்தினவேலின் மனைவி தாயம்மாள், கதிரவனைப் பார்த்ததும் எழுந்தாள்.

"தமிழ்ப் புள்ளையா நீங்க? மிஷினு பொய் சொல்லாதுன்னாங்க. அவரு பேரு இருக்குதுங்களா?"

"மிஷின் ரிப்பேர்மா" என்றான் கதிரவன், ஆர்டர் காகிதத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்தபடி.