அடையாளம் இல்லாத பந்து

"அந்த ஆரஞ்சுப் பந்தை உள்ள போடும்மா. இது என்ன சர்க்கஸா?"

வாலஸ் டிரம்மண்ட் சொன்னதும் ஐலி சட்டென்று பந்தைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வேறு நாளாக இருந்தால் பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பாள். கார்விக் ஊரில் கடலோர பஸ்ஸை ஓட்டுகிறவள். வம்பு பண்ணும் குடிகாரர்களைப் பாதி வழியில் இறக்கிவிட்டவள். ஆனால் இன்று சாயங்காலம் கிளப் கமிட்டி கூடுகிறது. அவளை உறுப்பினராகச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறது. டிரம்மண்ட்தான் தலைவர். இன்றைய ஆட்டத்தில் அவளுக்கு ஜோடியும் அவர்தான். எதிரணியில் நிற்கும் டூகலும் லாக்லனும் அதே கமிட்டி. வருஷக்கணக்காக இந்தக் கோல்ஃப் மைதானத்தை பஸ் கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்தவள், இன்று வாயைக் கட்டிக்கொண்டுதான் ஆக வேண்டும்.

ஆட்டமும் வில்லங்கமான ஆட்டம். ஜோடிக்கு ஒரே பந்து. ஆளுக்கு ஓர் அடி, மாற்றி மாற்றி. அதனால் யாருடைய பந்து என்பதில்தான் முதல் சண்டையே வரும்.

சண்டை எங்கே வந்தது? பாடம்தான் வந்தது. பந்துக்குள் எத்தனை அடுக்கு இருக்க வேண்டும், மேல்தோல் மெல்லிசா தடிப்பா, எதிர்க்காற்றில் எது தாழப் பறக்கும் என்று டிரம்மண்ட் அளந்துகொண்டே போனார். தன் ஆட்டத்துக்கு ஏற்ற பந்தைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவன் மட்டையைத் தொடவே லாயக்கில்லை என்று முடித்துவிட்டு, ஒரு வெள்ளைப் பந்தை எடுத்து நீட்டினார். ஒன்றாம் எண் போட்டது. இந்தக் கிளப்பில் அத்தனை பேரும் இதே கம்பெனி, இதே வெள்ளை, இதே எண்தான் என்று பெருமை வேறு.

எல்லாருக்கும் ஒரே பந்து என்றால் எது யாருடையது என்று எப்படித் தெரியும்? பேனாவால் ஒரு குறி வைத்துக்கொள்ளலாமே என்று ஐலி கேட்டாள்.

கோவிலுக்குள் எச்சில் துப்பியவளைப் பார்ப்பதுபோல மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"குறி வைக்கிறதெல்லாம் ஒருத்தரை ஒருத்தர் நம்பாதவங்க வேலைம்மா," என்றார் டிரம்மண்ட். "இது ஸ்காட்லாந்து. இங்க நாங்க கனவான்கள்."

ஐலி தலையை ஆட்டினாள். முதல் அடி அவளுடையது. குனிந்து பந்தை வைக்கும்போது பழக்க தோஷத்தில் கை பேனாவை எடுத்து மூன்று பச்சைப் புள்ளி வைத்துவிட்டது. தேய்த்தாலும் போகாத மை. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

அடித்தாள். பந்து நேராக நடுவில் போய் விழுந்தது. அதிர்ஷ்டம் என்றார் டிரம்மண்ட்.

அடுத்து அவர் முறை. காற்றை மோந்து பார்த்தார். ஒரு புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டார். பந்தைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு அடித்தார். அத்தனை யோசித்துத் தேர்ந்தெடுத்த பந்து அழகாக வளைந்து, மஞ்சள் பூ முட்புதருக்குள் போய்ச் சேர்ந்தது.

அவர் தேடப் போனதும் ஐலியும் பின்னாலேயே ஓடினாள். டூகல் செருமினார்.

"நீ இங்க வாம்மா. கடலைப் பாரு."

"பந்து தேட வேணாமா சார்?"

"வாலஸ் தேடுறப்ப நாங்க கடலைத்தான் பார்ப்போம். அது இந்தக் கிளப்போட மரியாதை."

அவரும் லாக்லனும் புதருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்கள். கடலில் ஒரு படகுகூட இல்லை. வெறும் மூடுபனி. அதைப் போய் ரசித்தார்கள்.

ஐலிக்கு அந்த ரசனை இல்லை. புதரின் மறுபக்கம் போய் மட்டையால் முள்ளை விலக்கினாள். வேருக்கடியில் பந்து கிடந்தது. மூன்று பச்சைப் புள்ளி.

கூப்பிட வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கமிருந்து டிரம்மண்ட் முந்திக்கொண்டார்.

"கிடைச்சிருச்சு."

போய்ப் பார்த்தாள். புதருக்கு வெளியே, தலைவாரி விட்டதுபோன்ற புல்மேல், ஒரு கீறல்கூட இல்லாமல் ஒரு வெள்ளைப் பந்து உட்கார்ந்திருந்தது. வாலஸுக்குக் கழுகுக் கண் என்று கடலைப் பார்த்தபடியே பாராட்டினார் லாக்லன்.

அடுத்த அடி ஐலியுடையது. பேசாமல் அடித்துத் தொலைத்தால் சாயங்காலம் அவள் உறுப்பினர்.

மட்டையைத் தூக்கினாள். இறக்கினாள்.

"சார், இது நம்ம பந்து இல்ல. நம்மது புதருக்குள்ள கிடக்கு. நான் பச்சைப் புள்ளி வெச்சிருந்தேன்."

டிரம்மண்ட் குரலைத் தாழ்த்தினார். "ஆறு மணிக்கு உன் பேரு கமிட்டிக்கு வருது. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். அடுக்கு சொன்னீங்க, தோல் சொன்னீங்க, காத்து சொன்னீங்க. முள்ளுல விழுந்தா பந்து குட்டி போடும்னு மட்டும் சொல்லவே இல்லையே."

டூகலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். குலுங்கிய வேகத்தில், அவர் கால்சட்டைப் பையின் ஓட்டை வழியாக வழுக்கிக்கொண்டு காலடியில் ஒரு பந்து வந்து விழுந்தது. வெள்ளை. ஒன்றாம் எண்.

லாக்லன் மெதுவாகத் தன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆறு மணிக் கூட்டத்தில் ஐலியைச் சேர்க்க மூன்று பேரும் முண்டியடித்துக் கை தூக்கினார்கள். இப்படி நேர்மையான ஆள்தான் நம் கிளப்புக்கு வேண்டும் என்று டிரம்மண்ட் எழுந்து நின்று பேசினார். கைதட்டல் அடங்கியதும், அதே சூட்டில் இன்னொரு தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறியது.

இனிமேல் இந்த மைதானத்தில் யாரும் பந்தில் குறி வைக்கக் கூடாது.