சூடேறாத கார்

முன்பெல்லாம் மூன்றாவது சுற்றிலேயே பேட்டரி சூடாகி, அந்த மின்சாரக் கார் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தம்பி ஜெரால்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்புவான். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் பெனிட்டா பெரிய ரேடியேட்டரும், தண்ணீரை வேகமாகச் சுழற்றும் புது பம்பும் மாட்டிக் கொடுத்தாள். இன்று அவன் பந்தயத் தடத்தில் ஓட்டிக்கொண்டே இருந்தான். வெயில் சாய்ந்த பிறகுதான் வந்து நின்றான். பேட்டரிக்குப் போகும் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். கை பொறுக்கும் சூடுதான். அவன் கையுறையைக் கழற்றினான். அவள் தொட்டபோது அவன் உள்ளங்கை கொதித்தது.

“கடைசி வளைவுல கண்ணு இருட்டிடுச்சுக்கா. பரவால்ல, வண்டி தாங்குது. இன்னொரு ரவுண்டு போறேன்.”

போதும் என்று இனி வண்டி சொல்லாது.

அவன் தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனான். பெனிட்டா பானட்டைத் திறந்து, தான் மாட்டிய பம்பின் ஒயரைக் கழற்றக் கையை வைத்தாள்.