வாக்குத்தத்த அட்டை

தங்கையாவின் அடக்க ஜெபத்துக்கு வந்த பாஸ்டர், வீட்டில் மாட்டியிருந்த வாக்குத்தத்த அட்டையை ஓசையில்லாமல் சுவர்ப்பக்கம் திருப்பினார். புதுவருட ஆராதனையில் ஆளுக்கொன்றாக எடுக்கும் வேதவசன அட்டைகளில் தங்கையாவுக்கு வந்தது அது. 'சாகாமல் பிழைப்பாய்' என்று இருந்தது. "கர்த்தரே சொல்லிட்டாரு, பிறகு மாத்திரை எதுக்கு? அது அவிசுவாசம்" என்று சபை நடுவே முழங்கியவர் இவர்தான். தங்கையா அன்றே இருதய மாத்திரைகளை நிறுத்தினான்.

சவப்பெட்டிக்கு அருகிலிருந்து அவன் மனைவி எப்சிபா எழுந்தாள்.

"எதுக்குத் திருப்புதீய பாஸ்டர்?"

"எல்லாம் கர்த்தருடைய சித்தம், சிஸ்டர்."

"மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாரு சித்தம்?"

அட்டையைக் கழற்றி, மிஞ்சிக் கிடந்த மாத்திரைகளோடு அவர் கையில் திணித்தாள்.

"ரெண்டையும் பிடிச்சிக்கிட்டு ஜெபம் பண்ணுங்க. கேப்போம்."

வழக்கப்படி எல்லோரும் கண்களை மூடிக்கொண்டார்கள். எப்சிபா மூடவில்லை.