இருநூற்று ஒன்றாவது ஆள்

படிக்கட்டின் உச்சியில் காவலாளி கயிற்றை இழுத்துப் பிடித்தபடி நின்றான்.

மேலே மைதானத்தில் ஆட்டம் முடிந்திருந்தது. ஜெயித்த ஊரின் கூட்டம் விசிலடித்துக்கொண்டு சுரங்க ரயில் நிலையத்துக்குள் இறங்கியது.

ஒரு ரயிலுக்கு இருநூறு பேர். எண்ணிவிட்டுக் கயிற்றைக் கட்ட வேண்டும். அடுத்த ரயில் வந்த பிறகு அவிழ்க்க வேண்டும்.

“இன்னா தலைவா, ஜல்லிக்கட்டா? கயித்த அவுத்து வுடு” என்றான் முகத்தில் மஞ்சள் பூசிய ஒருவன்.

கூட்டம் சிரித்தது.

போன வருடமும் இப்படித்தான் சிரித்தார்கள். பிறகு கெஞ்சினார்கள். ரயில்தான் வந்துவிட்டதே என்று இவன் எண்ணாமல் கயிற்றைத் தளர்த்தினான். அத்தனை பேரும் ஒன்றாக இறங்கினார்கள்.

கடைசிப் படியில் ஒரு பெண் விழுந்தாள்.

எழவில்லை.

விசாரணை. பத்து மாத சஸ்பென்ஷன். அதற்குப் பிறகு இன்றுதான் முதல் ஆட்டம். இன்று யாரும் விழக்கூடாது. அவனுக்கு வேறெதுவும் வேண்டாம்.

நூற்றுத் தொண்ணூற்றொன்பது. இருநூறு.

கயிற்றைக் கட்டினான்.

வாக்கி டாக்கியில் மெர்லின். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவள். பிளாட்பாரத்து கேமரா எண்ணுவது அவள் திரையில் தெரியும்.

“அண்ணே, இருநூத்தி ஒண்ணு காட்டுது. ஒரு ஆள சேத்து வுட்டுட்டீங்க.”

“இல்லம்மா. கரெக்டாதான் வுட்டேன்.”

அடுத்த ரயிலுக்கும் இருநூறு. திரையில் இருநூற்று ஒன்று.

அதற்கடுத்த முறை ஒவ்வொருவர் தோளையும் தொட்டு இருநூறு எண்ணினான். அப்போதும் திரையில்

இருநூற்று ஒன்று.

ஏழு ரயில்கள் போயின. கூட்டம் தீர்ந்தது. அவன் கயிற்றைச் சுருட்டினான்.

“அண்ணே, கீழ இன்னும் ஒரு ஆளு இருக்குன்னு காட்டுது.”

“யாருன்னு பாரு.”

வாக்கி டாக்கியில் பட்டன்கள் தட்டும் சத்தம் கேட்டது.

“படத்துல யாரும் இல்லண்ணே. நம்பர் மட்டும் நிக்குது.”

இறங்கிப் போனான். கடைசிப் படியை மிதிக்காமல் தாண்டினான்.

பிளாட்பாரம் காலியாக இருந்தது. யாரோ விட்டுப்போன காகிதத் தொப்பி ஒன்று நசுங்கிக் கிடந்தது.

ரயில் வந்தது. கதவுகள் திறந்தன. யாரும் ஏறவில்லை.

மூட வந்த கதவு பாதியில் நின்று திறந்தது. யாரோ கால் வைத்துவிட்டுப் பின்வாங்கியதுபோல.

மறுபடியும்.

மூன்றாவது முறை, உள்ளே இருந்தவர்கள் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்ந்தார்கள்.

அவன் தாழ்ந்த குரலில் சொன்னான்.

“ஏறும்மா. மெதுவா ஏறு. யாரும் தள்ள மாட்டாங்க.”

கதவு திறந்தே இருந்தது.

அவன் ரயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். ஆளில்லாத படிக்கட்டைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தான். காலை அகட்டி ஊன்றிக்கொண்டான்.

உள்ளங்கைகளில் பாரம் ஏறியது. போன வருடத்துக் கூட்டம் வந்து முட்டியதுபோல.

பின்னால் கதவுகள் மெல்ல மூடிக்கொண்டன. ரயில் கிளம்பியது.

அவன் கைகளை இறக்கவில்லை.